எந்தத் தீவு? பாளையங்கோட்டையில் போட்ட ஒரு கணக்கு

பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் ஏதாவது ஒரு தீவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். மறந்திருப்பாள் என்று நம்பினேன். பொங்கலுக்கு மறுநாள் முற்றத்தில் கிடந்த கரும்புச் சக்கையைக் கூட்டிக்கொண்டே ஞாபகப்படுத்தினாள். “எப்பா, மலை இருக்கணும், மிருகம் இருக்கணும். சும்மா கடக்கரையில உக்காந்து சுண்டல் திங்கதுக்கு மணப்பாடு போதும்.”

அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு மூன்று வாரம் ஓடியது. கடைசியில் பட்டியலில் நின்றவை நான்கு: இலங்கை, அந்தமான், போர்னியோ தீவின் வடக்கு மூலையில் இருக்கும் மலேசிய மாநிலமான சபா, ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கும் தாஸ்மானியா. முதல் இரண்டுக்கும் நானே போய் வந்திருக்கிறேன். சபாவைப் பற்றிச் சொல்லப்போவதில் பாதி, கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மச்சினன் இரண்டு தடவை போய்ப் பார்த்துச் சொன்னது. தாஸ்மானியா, மெல்போர்னில் படிக்கும் அக்கா மகன் வழியாக வந்தது.

போகிறவர்கள் நான்கு பேர். நான், மனைவி, மகள், எழுபத்திரண்டு வயதாகும் அம்மா. அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். உட்காரச் சொன்னால் நாள் முழுக்க உட்காருவாள். ஜங்ஷனில் நடைமேடை மாறுகிற படிக்கட்டைப் பார்த்தாலே முகம் சுருங்கிவிடும். அப்பேர்ப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு மலைத் தீவுக்குப் போகலாமா என்று எல்லாரும் கேட்டார்கள். விட்டுவிட்டுப் போகிற எண்ணம் எனக்கு இல்லை.

நெல்லைச் சீமைக்காரனுக்கு மலையும் காடும் புதுசு இல்லை. மழை பெய்து ஓய்ந்த காலையில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் துணிக்கொடிக்குப் பின்னால் மலைத்தொடர் நீலமாக வந்து நிற்கும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 1988இல் ஏற்பட்டது; ஏறக்குறைய 900 சதுர கிலோமீட்டர். புலி, சிறுத்தை, யானை, மிளா, சிங்கவால் குரங்கு, இருவாட்சி எல்லாம் உள்ளே இருக்கின்றன. இருக்கின்றன, சரி, கண்ணில் படவேண்டுமே. பாபநாசம் செக்போஸ்ட்டைத் தாண்டி நான் போன பத்துப் பன்னிரண்டு தடவையில் பார்த்தது குரங்கு, காட்டுப்பன்றி, அப்புறம் ஒரே ஒரு தடவை யானைச் சாணம். சூடு ஆறாத சாணம் என்று வாட்சர் சொன்னார். யானை வரவில்லை.

ஆகவே காசைக் கொட்டிப் போகிற தீவு, பொதிகையில் இல்லாத ஒன்றைக் காட்டவேண்டும். இல்லையென்றால் பொதிகை ஒளித்து வைத்திருப்பதையாவது வெளியே கொண்டுவந்து காட்டவேண்டும். என் அளவுகோல் அதுதான். தூரத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. அகத்தியர் மலை உச்சி 1,868 மீட்டர். அட்லஸும் நோட்டுமாக உட்கார்ந்தபோது இந்த எண் என்னைத் துரத்திக்கொண்டே வந்தது. இலங்கையின் நுவரெலியா நகரம் கிட்டத்தட்ட அதே உயரம்தான். நம் ஊரில் குறுமுனி தனியாக உட்கார்ந்திருக்கிற உயரத்தில் அங்கே பஸ் ஸ்டாண்டும் தபாலாபீஸும் குதிரைப் பந்தயத் திடலும் இருக்கின்றன. சபாவில் கினபாலு மலை ஏறுகிறவர்கள் முதல் படியில் கால் வைக்கும் திம்போஹோன் வாசல் 1,866 மீட்டர். நம் மலை முடிகிற இடத்தில் அந்த மலை ஆரம்பிக்கிறது. அதற்கு மேல் இன்னும் 2,229 மீட்டர் ஏறினால் 4,095இல் உச்சி. தாஸ்மானியாவில் மிக உயரமான ஒஸ்ஸா மலை 1,617, அகத்தியருக்குத் தோள் அளவு. அந்தமானில் மிக உயரமான சாடில் பீக் 732, இடுப்புக்கும் கீழே.

உயரம் மட்டும் பார்த்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நமக்கு லீவு எப்போது என்று ஒன்று இருக்கிறதே. சித்திரை வைகாசியில்தான் பிள்ளைகளுக்கு நீண்ட லீவு. அரையாண்டு லீவில் போகலாம் என்று மனைவி சொன்னாள். 2023 டிசம்பர் மழைக்கு அப்புறம் அந்த மாதத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வருவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் வந்த அந்த இரண்டு நாள் நாங்கள் மாடியில்தான் இருந்தோம். ஆகவே ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரை. எட்டு ஒன்பது நாள். இனி வருவதெல்லாம் அந்த நாட்களுக்கான கணக்கு. டிசம்பரில் போகிறவர்களுக்கு வேறு கணக்கு வரும், அதையும் அங்கங்கே சொல்கிறேன்.

இலங்கை

பாளையங்கோட்டையிலிருந்து கொழும்பு நேர்க்கோட்டில் சுமார் 300 கிலோமீட்டர். ரயிலில் சென்னை 650. இதைத் தூரத் தேசம் என்று சொன்னால் அம்மா சிரிப்பாள். அவளுடைய அப்பா தூத்துக்குடியில் கப்பல் ஏறிப்போய்க் கொழும்பில் ஐந்து வருஷம் கடைக்கணக்கு எழுதியவர். நம் பக்கத்தில் பாதி வீடுகளில் இப்படி ஒரு கொழும்புத் தாத்தா உண்டு.

மதுரையிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ விமானத்தில் ஒரு மணி நேரம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள் என்றதும் பலர் அதில் போகலாமே என்கிறார்கள். யாழ்ப்பாணம் பார்க்கப் போகிறவர்களுக்கு அது சரி. மலைநாட்டுக்குப் போக நினைத்தால் தீவின் வடக்கு நுனியில் இறங்கி அத்தனை தூரமும் கீழே வரவேண்டும். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பலும் நிற்கும்.

இலங்கையில் புலி கிடையாது. சிறுத்தைதான் காட்டுக்கு ராஜா. நம் காட்டுச் சிறுத்தை புலிக்குப் பயந்து பதுங்கித் திரியும். அங்கே பாறை மேல் பகலில் மல்லாந்து படுத்திருக்கும். யால தேசியப் பூங்காவின் புகழுக்கு அதுதான் காரணம். 2018 ஜூலையில் நாங்கள் போனோம். பாலைப் பழம் பழுக்கிற காலம், கரடியும் வரும் என்று டிரைவர் ஆசை காட்டினார். கரடி வரவில்லை. ஒரு வளைவில் அவருடைய செல்போன் அடித்தது. பேசினாரோ இல்லையோ, ஜீப் பறந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முன்னால் ஏற்கெனவே முப்பது ஜீப் இருக்கும். செம்மண் தூசி அடங்கவே ஐந்து நிமிஷம். மரக்கிளையிலிருந்து ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது. வால் மட்டும். நுனி ஒரு தடவை மடங்கி நிமிர்ந்தது. பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்ததும் எங்களை நகர்த்திவிட்டார்கள். மகளுக்கு அப்போது பத்து வயது. “சிறுத்தையப் பாத்தேன்னு சொல்லலாமா, வாலப் பாத்தேன்னுதான் சொல்லணுமா?” என்று கேட்டாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அதனால் யாலவை நான் சிபாரிசு செய்யமாட்டேன். உடவளவைக்குப் போங்கள். யானையை எந்த மாதத்திலும் பார்க்கலாம், கூட்டம் கூட்டமாக, புல்வெளியில், ஒளிவுமறைவு இல்லாமல். ஒரு விஷயம், கொம்பன் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். அங்கே ஆண் யானையில் பத்தில் ஒன்றுக்குக்கூடக் கொம்பு இருக்காது. மின்னேரியாவில் ஆகஸ்ட், செப்டம்பரில் குளம் வற்றும்போது நூற்றுக்கணக்கில் கூடுகின்றன என்பது உண்மைதான். நம் லீவுக்கு அது ஒத்துவராது.

மலையைப் பொறுத்தவரை இலங்கைக்கு என்னிடம் குறையே இல்லை. கண்டியிலிருந்து எல்ல போகும் ரயில், பட்டிப்பொல ஸ்டேஷனில் 1,898 மீட்டரைத் தொடுகிறது. அகத்தியர் உச்சியைவிட முப்பது மீட்டர் மேலே உட்கார்ந்துகொண்டு டீ குடிக்கலாம். ஜன்னலுக்கு வெளியே தேயிலை, நம் மாஞ்சோலை எஸ்டேட்டைப் பார்த்தவர்களுக்குப் பழகிய பச்சைதான். ஆனால் அங்கே அது முடிவதே இல்லை. ரிசர்வேஷன் முப்பது நாள் முன்னால் திறக்கும், திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். அந்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கவேண்டும். மழையில் மண் சரிந்து பாதையை மூடுவதும் உண்டு, கிளம்பும்முன் விசாரிப்பது நல்லது. ஹோர்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்கிற விளிம்பு ஏறக்குறைய 870 மீட்டர் செங்குத்து. காலை பத்து மணிக்கு மேல் போனால் மேகம் ஏறி, வெள்ளைச் சுவரைத்தான் பார்க்கலாம். ஒன்பது கிலோமீட்டர் நடை, அம்மாவுக்கு ஆகாது.

அம்மாவுக்கு ஆகிற விஷயங்களும் இலங்கையில்தான் அதிகம். கதிர்காமம் இருக்கிறது. கருவறையில் திரைதான், விக்கிரகம் இல்லை, என்று தாத்தா சொன்னதை அவள் பார்த்தாகவேண்டுமாம். அப்புறம் சொதி. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற சொதி அங்கே இடியாப்பத்தோடு காலை ஆகாரம். முருங்கைக்காயும் பாசிப்பருப்பும் இல்லாமல், மஞ்சள் போட்டுத் தண்ணியாக இருக்கும். போன தடவை மனைவி மூன்று கிண்ணம் குடித்துவிட்டு, “இது சொதி இல்ல, ஆனா நல்லாருக்கு” என்றாள். சிவனொளிபாதமலையை மட்டும் யாரும் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். 2,243 மீட்டர், ஐயாயிரத்துக்கு மேல் படி. கேள்விப்பட்டால் ஏறியே தீருவேன் என்பாள்.

இடிக்கிற இடம் தேதிதான். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நுவரெலியாவில் கூட்டம் பிதுங்கும், ரூம் வாடகை எகிறும். மே இரண்டாம் பாதியில் தென்மேற்குப் பருவமழை மலைநாட்டில் இறங்கும். நடுவில் கிடைக்கிற இரண்டு வாரத்தில் காலை வெயில், சாயங்காலம் இடி. மோசம் இல்லை. பிப்ரவரி, மார்ச் என்றால் தயங்காமல் இலங்கை என்பேன். மிரிஸ்ஸவில் நீலத்திமிங்கிலம் பார்க்கவும் அதுதான் காலம்.

அந்தமான்

மனைவியின் ஓட்டு இதற்கு. தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம், பாஸ்போர்ட் வேண்டாம், ரூபாய் செல்லும். தூத்துக்குடி வாகைக்குளத்தில் விமானம் ஏறிச் சென்னை, அங்கிருந்து இரண்டேகால் மணி நேரம். போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்; ஹேவ்லாக் 2018இலேயே சுவராஜ் தீவு ஆகிவிட்டது. டிக்கெட்டில் ஒரு பெயரும் ஆட்டோக்காரர் வாயில் ஒரு பெயரும் இருக்கும், குழம்பவேண்டாம்.

கடல் என்றால் அந்தமானுக்கு ஈடு இல்லை. ஆனால் என் மகள் கேட்டது மலையும் மிருகமும். புலி, சிறுத்தை, கரடி எதுவும் அந்தத் தீவுகளில் இயற்கையாக இருந்ததில்லை. குரங்கே கிடையாது, அதற்கு நிக்கோபார் போகவேண்டும், அங்கே நம்மை விடமாட்டார்கள். புள்ளிமானை வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டான். பறவையும் ஆமையும் முதலையும்தான் சொந்தக்காரர்கள். வட அந்தமானில் திக்லிப்பூர் பக்கம் காளிப்பூர் கடற்கரையில் ஆமை முட்டையிட வருவதைப் பார்க்க டிசம்பர், ஜனவரியில் போகவேண்டும். சாடில் பீக்கும் அங்கேதான். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து தரைவழி என்றால் ஒரு பகல் முழுக்கப் பயணம். ஜாரவா பழங்குடி மக்களின் வனத்துக்குள் வரிசை கட்டி வண்டிகளை அனுப்புவார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுப்பது குற்றம். சட்டம் இருந்தும் எங்கள் வண்டியில் இரண்டு பேர் ஜன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு வந்தார்கள். மனிதரைப் பார்க்க டிக்கெட் எடுத்தமாதிரி இருந்தது. அந்த ரோட்டில் மறுபடி போகமாட்டேன்.

அங்கே எனக்குப் பட்ட சூடு ஒன்று உண்டு. மே மூன்றாம் வாரம். பருவமழை நாட்டுக்குள் முதலில் கால் வைப்பதே அந்தமான் கடலில்தான் என்று எட்டாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். டிக்கெட் எடுக்கும்போது அது ஞாபகம் வரவில்லை. நீல் தீவில் இருந்தபோது காற்று மாறியது. காலைப் படகு ரத்து, மத்தியானப் படகு ரத்து. ஏற்பாடு செய்து கொடுத்த ஆள் அதுவரை ‘சார், சார்’ என்று நிமிஷத்துக்கொரு தடவை கூப்பிட்டவர், போனையே எடுக்கவில்லை. விமானம் போயிற்று, பணமும் போயிற்று. இன்று போகிறவர்களுக்கு நான் சொல்வது, கடைசி இரவைக் கண்டிப்பாக ஸ்ரீ விஜயபுரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், மே பத்துக்கு மேல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தாஸ்மானியா

இதை இரண்டு நாளில் தள்ளிவிட்டோம். இடம் அழகில்லை என்று இல்லை. பரப்பில் ஏறக்குறைய இலங்கை அளவுதான், ஆனால் ஜனம் அங்கங்கே சிதறிக் கிடக்கும். க்ரேடில் மலை அடிவாரத்தில் சாயங்காலம் வோம்பட் என்கிற பிராணி ஆட்டுக்குட்டிபோல மேய்ந்துகொண்டிருக்கும், பக்கத்தில் போனாலும் தலை நிமிர்த்தாது என்கிறான் அக்கா மகன். அதன் புழுக்கை கனசதுரமாக இருக்கும் என்று ஒரு படமும் அனுப்பினான். ‘தாஸ்மானியப் பேய்’ என்கிற கறுப்புப் பிராணிக்கு 1996 முதல் முகத்தில் பரவும் ஒரு புற்றுநோய் வந்து, இனமே குறைந்துபோய்க் கிடக்கிறது.

ஆனால் அங்கே மே என்றால் குளிர்காலத்தின் வாசல். ஐந்து மணிக்கு இருட்டு. சுயமாகக் கார் ஓட்டாமல் ஒன்றும் பார்க்க முடியாது, அந்தி சாய்ந்தால் விலங்குகள் ரோட்டில் குறுக்கே வரும் என்பதால் கார் ஓட்டவும் கூடாது. ஒன்பதாயிரம் கிலோமீட்டர் போய்விட்டு மத்தியானம் நான்கு மணிக்கு ரூமில் அடைவதா? விசாக் கட்டணமே ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல், அதுவும் திருப்பித் தரமாட்டார்கள். சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோனால் விமான நிலையத்தில் எழுதிக் காட்டவேண்டும். மெல்போர்னிலிருந்து ஒரு ஆப்பிள் கொண்டுபோனால்கூடப் பிடுங்கிக்கொள்வார்கள். முறுக்குத் தூக்குவாளி இல்லாமல் அம்மா வள்ளியூர்வரைகூடப் போனதில்லை. பன்னிரண்டு நாளும் பெரிய பணமும் இருக்கிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் போகலாம். அப்போது அங்கே கோடை.

சபா

மகளின் ஓட்டு ஆரம்பத்திலிருந்தே இதற்குத்தான். ஒரே காரணம், ஒராங்குட்டான். மலாயில் ‘ஓராங்’ என்றால் மனுஷன், ‘ஹூத்தான்’ என்றால் காடு.

திருவனந்தபுரத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ கோலாலம்பூர் நான்கு மணி நேரம். அங்கிருந்து சபாவின் கிழக்குக் கரையில் இருக்கும் சண்டாக்கான் நகரத்துக்கு இன்னொரு விமானம். மூக்கைச் சுற்றித் தொடுகிறமாதிரிதான், ஆனால் இரண்டே ஏற்றம். ஊருக்கு வெளியே செப்பிலோக் என்ற இடத்தில் 1964 முதல் தாயில்லாத ஒராங்குட்டான் குட்டிகளை வளர்த்துக் காட்டுக்குள் விடுகிறார்கள். காலை பத்துக்கும் மத்தியானம் மூன்றுக்கும் மேடையில் பழம் வைப்பார்கள், வருகிறது வரும். காடு முழுக்கத் தரைக்கு மேலே பலகைப் பாதை, படி அதிகம் இல்லை. பைகளை வாசலிலேயே வைத்துவிடவேண்டும். பக்கத்து வளாகத்தில் சூரியக் கரடி. கரடி இனத்திலேயே சின்னது அதுதான்.

அசல் விஷயம் கினபத்தாங்கான் ஆறு. 560 கிலோமீட்டர் நீளம். சண்டாக்கானிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் போனால் சுக்காவ் என்ற கிராமம், ஆற்றங்கரையில் தங்குமிடங்கள். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தடவை படகில் கூட்டிப் போவார்கள். மச்சினன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அத்தான், நாம தேடவே வேண்டாம். மோட்டார அணைச்சிருவான். ஆறு தேத்தண்ணி நிறத்துல இருக்கும். கரையில ஒரு மரம் முழுக்கப் பழம் காய்ச்ச மாதிரி என்னமோ தொங்குது, பாத்தா எல்லாம் குரங்கு. பெரிய ஆம்பளக் குரங்கு ஒண்ணு, மூக்கு வாய மறைச்சுத் தொங்குது. எல தின்னணும்னா கையால மூக்க ஒதுக்கிட்டுத் திங்குது. அரைமணி நேரம் எங்களயே பாத்துட்டு இருந்துச்சு. நம்ம தாலுகா ஆபீஸ்ல மனு வாங்குத ஆளு பாக்குத பார்வ.” அந்த நீள்மூக்குக் குரங்கு போர்னியோவைத் தவிர உலகத்தில் எங்கும் கிடையாது. சாயங்காலம் தூங்குவதற்கு ஆற்றோர மரங்களுக்குத்தான் வரும். மலாய்க்காரர்கள் அதற்கு டச்சுக்காரன் என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

இருவாட்சியில் போர்னியோவில் எட்டு வகை, எட்டையும் இந்த ஆற்றோரம் பார்க்கலாம். யானையும் உண்டு, நம் யானையைவிடக் குட்டை. அதிர்ஷ்டம் இருந்தால் கூட்டமாக ஆற்றைக் கடக்கும்.

இவ்வளவும் இத்தனை பக்கத்தில் தெரிவதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது, அது சந்தோஷப்படுகிற காரணம் இல்லை. கரையிலிருந்து உள்ளே கொஞ்சம் போனால் காடு முடிந்து செம்பனைத் தோட்டம் ஆரம்பிக்கும். காடு ஆற்றை ஒட்டி ஒரு ஜரிகைபோல மிஞ்சியிருக்கிறது. விலங்குகள் அதற்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. நம் ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்குகிற பாமாயில் இந்த மாதிரித் தோட்டங்களிலிருந்துதான் இறக்குமதி ஆகிறது. இதை மகள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். அப்பளம் பொரிந்துகொண்டிருந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை, அப்பளத்தைச் சாப்பிட்டோம்.

கினபாலுவுக்குக் கடைசி மூன்று நாள் ஒதுக்கலாம். ஏறினால்தான் என்று இல்லை; மலையடிவாரத்தில் குண்டாசாங் பக்கம் தங்கினாலே விடியற்காலையில் மேகத்துக்கு மேலே கறுப்புக் கோட்டை மாதிரி அது நிற்கும். ஏறுவது என்றால் இரண்டு நாள், வழிகாட்டி கட்டாயம், நடுவில் 3,270 மீட்டரில் ஒரு ராத்திரி. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு இருப்பதால் மாதக்கணக்கில் முன்னால் பதியவேண்டும். நாங்கள் ஏறப்போவதில்லை. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், சரியாகிவிடும்.

குறைகளும் இருக்கின்றன. மரக்கறிச் சாப்பாடு கோலாலம்பூரில் கிடைக்கிற மாதிரி சுக்காவில் கிடைக்காது. சோறு, முட்டை, கீரை, அவ்வளவுதான். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் நம்மோடு போகவேண்டும். காட்டில் நடந்தால் அட்டை உறுதி. அதற்கென்று முட்டிவரை துணி உறை விற்கிறார்கள். மாஞ்சோலையில் அட்டை கடித்துப் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்ட நமக்கு அது பெரிய விஷயம் இல்லை. குரங்கிடமிருந்து கொசு வழியாகத் தொற்றுகிற மலேரியா ஒன்று அங்கே உண்டு. கொசுவிரட்டி, முழுக்கைச் சட்டை, கிளம்பும்முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை. கிழக்குக் கரையில் கடலோரத் தீவுகளுக்குப் போவதைப் பற்றிச் சில நாடுகள் தங்கள் மக்களை எச்சரித்து வைத்திருக்கின்றன. ஆற்றோடு நிறுத்திக்கொண்டு தீவுப்பக்கம் போகவில்லை என்று முடிவு செய்தோம்.

மழை? டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அந்த ஆறு கரை புரளும். மே அங்கே நல்ல மாதம்.

காசும் காகிதமும்

அந்தமானும் இலங்கையும் நான் போட்ட கணக்கில் ஏறக்குறைய ஒரே செலவு. இலங்கையில் கார் டிரைவரோடு எடுத்தால் கொஞ்சம் கூடும். சபா அதைப்போல இரண்டு மடங்கு, அதில் பாதி விமானத்துக்கே. தாஸ்மானியா நான்கு மடங்கைத் தாண்டியதும் கூட்டுவதை நிறுத்திவிட்டேன்.

மலேசியாவுக்கு இந்தியர்கள் 2026 முடியும்வரை முப்பது நாள் விசா இல்லாமல் போகலாம். கிளம்புகிற மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்பவேண்டும். சபா மலேசியாவுக்குள்தான் இருக்கிறது என்றாலும் தனிக் குடிவரவுச் சோதனை உண்டு. கோலாலம்பூரிலிருந்து போனாலும் பாஸ்போர்ட்டில் மறுபடி முத்திரை குத்துவார்கள். இலங்கைக்கு ஆன்லைன் அனுமதி வாங்கவேண்டும். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும் வாரத்தில் பார்த்துக்கொள்வதுதான் சரி. எல்லாவற்றுக்கும் முன்னால், பாஸ்போர்ட்டில் முன்னெழுத்து விரிவாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் ‘எஸ்’ என்று ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு ஆயுசையே ஓட்டிவிடுகிறோம். விமான டிக்கெட்டுக்கு அது போதாது. அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டே இல்லை. ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர். அதைச் சரிசெய்யவே ஒரு மாதம் ஆயிற்று.

எங்கள் முடிவு

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை நால்வரும் உட்கார்ந்தோம். எல்லாரும் எதிர்பார்த்தது, அம்மா வருவதால் இலங்கை என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நோட்டில் ஒவ்வொரு நாளாக எழுதிப் பார்த்தபோதுதான் கணக்கு தலைகீழாக விழுந்தது. இலங்கையில் எதைப் பார்க்கவும் ஏறவேண்டும், இறங்கவேண்டும்: ஜீப்பின் உயரப் படி, ரயில் பெட்டியின் படி, கோயில் படி, உலக முடிவுக்கு நடை. சபாவில் முக்கியமான நாட்கள் எல்லாம் படகில் உட்கார்ந்தே கழிகின்றன. விலங்குகள் கரைக்கு வருகின்றன, நாம் போகவேண்டியதில்லை. நான்கில் ரொம்பத் தூரத்துக்கு இரண்டாவதாக இருக்கிற தீவுதான் அம்மாவின் முட்டிக்கு ரொம்பப் பக்கம்.

மனைவிக்குச் சமாதானமாக அந்தமானை ஒரு ஜனவரிக்கு எழுதி வைத்தோம். கதிர்காமம் பிப்ரவரிக்கு, மகள் காலேஜ் சேர்ந்த பிறகு நாங்கள் மூன்று பேர் மட்டும்.

அம்மாதான் இன்னும் பிடி கொடுக்கவில்லை. “எய்யா, அந்தப் படகுல சாய்ஞ்சு உக்கார இடம் இருக்குமா? பலகையில குத்தவச்சு உக்காரச் சொன்னா நான் வரமாட்டேன்.” நியாயமான கேள்வி, மூன்று வாரத்தில் நான் யோசிக்காத கேள்வி. மச்சினனுக்குத் தகவல் அனுப்பினேன். ராத்திரி ஒன்பது மணிக்கு, அவனுக்கு பதினொன்றரை, ஒரு படம் வந்தது. நீளமான படகு, அதில் இரண்டிரண்டாக பிளாஸ்டிக் நாற்காலிகள், காலை அடித்தளத்தோடு போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறது. முதுகுச் சாய்ப்பு உண்டு, கைப்பிடியும் உண்டு. நம் கல்யாண மண்டபத்து நாற்காலியேதான், நிறம் மட்டும் பச்சை.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி அந்தப் போல்ட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சரி, டிக்கெட்டப் போடு.”